கஞ்சாச் செடியும் மண்ணிலுள்ள கன உலோகங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கஞ்சா பயிரிட்டால் நஞ்சேறிய நிலம் தூய்மையாகிவிடும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக உலவுகிறது. இன்னொரு பக்கம், அதே செடியின் பூவும் விதையும் எண்ணெயும் மருந்தென்றும் உணவென்றும் கடைகளில் விற்கப்படுகின்றன. செடி உறிஞ்சிய ஈயமும் காட்மியமும் கடைசியில் யாரிடம் போய்ச் சேர்கின்றன என்று இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக் கேட்பவர்கள் குறைவு. எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி அதுதான். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதைச் சுற்றியே வருகின்றன.

ஹெம்ப் வேறு, கஞ்சா வேறு அல்லவா?

தாவரவியல் கணக்கில் இரண்டும் ஒரே இனம்: கன்னாபிஸ் சட்டைவா. போதை தரும் டிஹெச்சி என்ற வேதிப்பொருள் 0.3 சதவீதத்துக்கு மேல் போகாத செடியை அமெரிக்கச் சட்டம் 2018 முதல் ஹெம்ப் என்கிறது. அது சட்டம் போட்ட கோடு. வேருக்கு அந்தக் கோடு தெரியாது. மண்ணில் காட்மியம் இருந்தால் இரண்டுமே உறிஞ்சும்.

தமிழில் ஹெம்ப்பைச் சிலர் ‘சணல்’ என்று எழுதுகிறார்கள். சாக்கு நெய்யும் சணலும், பசுந்தாள் உரமாக விதைக்கும் சணப்பும் முற்றிலும் வேறு செடிகள். குழப்பம் வேண்டாம் என்பதால் இங்கே ஹெம்ப் என்றே எழுதுகிறேன்.

கன உலோகங்கள் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

பரிசோதனைக் கூடங்கள் முதலில் தேடுபவை நான்கு: ஈயம், காட்மியம், ஆர்செனிக், பாதரசம். ஆர்செனிக் முழு உலோகம் அல்ல, உலோகப்போலி. நஞ்சு என்ற வகையில் அதையும் இந்த வரிசையில் சேர்த்துவிட்டார்கள். நிக்கல், குரோமியம் ஆகியவையும் சில இடங்களில் சிக்கல் தருகின்றன. துத்தநாகமும் செம்பும் செடிக்குச் சிறிதளவு தேவை, மிகுந்தால் கெடுதல்.

பெரும்பாலான பூச்சிமருந்துகள் எவ்வளவு கொடியவையானாலும், பல பத்தாண்டுகள் ஆனாலும் ஒரு நாள் சிதைந்துபோகும். ஈயம் தனிமம் என்பதால் சிதைய அதற்கு வழியே இல்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர மட்டுமே முடியும். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்ற பதில்கள் எளிதாகப் புரியும்.

நஞ்சு என்று தெரிந்தும் வேர் ஏன் அதை உள்ளே விடுகிறது?

தெரியாததால்தான் விடுகிறது. செடிக்கு இரும்பும் துத்தநாகமும் மாங்கனீசும் வேண்டும். அவற்றை மண்நீரிலிருந்து பிடித்து உள்ளே இழுக்க, வேரின் செல் சவ்வில் கடத்திப் புரதங்கள் இருக்கின்றன. காட்மியத்தின் அயனி அளவிலும் மின்னேற்றத்திலும் இவற்றை ஒத்திருக்கிறது. ஆகவே அதே வாசல் வழியாக நுழைந்துவிடுகிறது. மண்ணில் துத்தநாகம் குறைவாக இருந்தால் வாசலில் போட்டியும் குறையும், காட்மியத்துக்குக் கொண்டாட்டம்.

ஆர்செனிக்கின் வேடம் இன்னும் நேர்த்தியானது. காற்றோட்டமுள்ள மண்ணில் அது ஆர்செனேட்டாக இருக்கும். உருவத்தில் அது பாஸ்பேட்டின் இரட்டைப் பிள்ளை. மணிச்சத்து என்று நம்பி வேர் அதை வரவேற்கிறது.

ஈயம் இப்படி எளிதில் ஏறுவதில்லை. மண்துகளோடும் மட்கோடும் இறுகப் பிடித்துக்கொள்ளும். வேருக்குள் வந்தாலும் பெரும்பகுதி செல் சுவரிலேயே தங்கிவிடும். பாதரசமும் வேரைத் தாண்டி மேலே போவது குறைவு. இலையில் காணப்படும் பாதரசத்தில் பெரும்பங்கு காற்றிலிருந்து நேராக வந்தது.

உள்ளே வந்த நஞ்சைச் செடி சும்மா விடுவதும் இல்லை. கந்தகம் நிறைந்த ஃபைட்டோகெலட்டின் என்ற சிறு புரதத் துண்டுகளைச் செய்து, உலோக அயனியைச் சுற்றிப் பிடித்து, செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பைக்குள் பூட்டி வைக்கிறது. செடி தப்பிப் பிழைக்க இது போதும். அந்தச் செடியை உண்பவருக்கோ புகைப்பவருக்கோ இதனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. பச்சைப் பசேலென்று செழித்து நிற்கும் செடிக்குள் காட்மியம் குவிந்திருக்கக்கூடும். இலையின் நிறத்தைப் பார்த்து மண் நல்லது என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

உலோகம் செடியின் எந்தப் பாகத்தில் சேர்கிறது?

உலோகத்தையும் மண்ணையும் செடியின் ரகத்தையும் பொறுத்து விடை மாறும். தொட்டிச் சோதனைகள் பலவற்றில் காட்மியம், குரோமியம், நிக்கல் ஆகியவற்றின் பெரும்பங்கு வேரிலேயே நின்றது. ஜெர்மனியில் நஞ்சேறிய மண்ணில் நடத்தி 2002இல் வெளியான வயல் ஆய்வில், செடியின் எல்லாப் பாகங்களிலும் உலோகம் இருந்தது. மிக அதிகமாக இருந்தது இலைகளில்.

அதே ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட முடிவு இன்னும் கூர்மையானது. வேரில் கிலோவுக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் சேர்ந்தபோதும் வளர்ச்சி பெரிதாகக் குன்றவில்லை. தண்டிலும் இலையிலும் 50 முதல் 100 மில்லிகிராம் ஏறியதும் செடி தள்ளாடியது. வேர் தாங்கும், இலை தாங்காது என்பது இதிலிருந்து தெரிகிறது.

பூவைப் பற்றித் தனியாக ஒரு சொல். பூவைச் சுற்றிப் பிசின் சுரக்கும் நுண்மயிர்கள் அடர்ந்திருக்கின்றன. காற்றில் வரும் தூசு அந்தப் பசையில் ஒட்டிக்கொள்கிறது. சாலையோரத்திலோ உலோக உருக்காலைக்குப் பக்கத்திலோ வளர்ந்த செடியின் பூவில் இருக்கும் ஈயம் வேர் வழியே வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

அப்படியானால் பூவைக் கழுவினால் போதுமா?

ஒட்டிய தூசில் ஒரு பகுதி போகும். திசுவுக்குள் பூட்டப்பட்டது போகாது. காய வைத்தாலும் போகாது. ஈரம் வற்றும்போது கிராமுக்கு இத்தனை என்ற கணக்கில் அளவு கூடவே செய்யும்.

ஹெம்ப் ஒரு ‘மிகை உறிஞ்சி’ என்று படித்தேன். சரிதானா?

மிகை உறிஞ்சி என்பதற்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் வரம்பு கடுமையானது. இயற்கையாக வளரும் நிலையில், உலர்ந்த இலையின் ஒரு கிலோவில் காட்மியம் என்றால் 100 மில்லிகிராம், ஆர்செனிக், நிக்கல், ஈயம் என்றால் 1,000 மில்லிகிராம் தாண்ட வேண்டும். சீன பிரேக் பெரணி ஆர்செனிக்கை அப்படிச் சேர்க்கிறது என்று 2001இல் ஃபுளோரிடாவில் கண்டறிந்தார்கள். ஹெம்ப் அந்த வகுப்பைச் சேர்ந்ததல்ல. மேலே சொன்ன ஜெர்மன் முடிவின்படி, காட்மிய வரம்பை எட்டும் முன்பே அதன் இலை நோய்ப்பட்டுவிடும்.

அதன் வலிமை வேறு இடத்தில் இருக்கிறது. சில மாதங்களில் ஆள் உயரத்தைத் தாண்டுகிறது, வேரை ஆழமாக இறக்குகிறது, உலோகத்தை ஓரளவு சகித்துக்கொள்கிறது, உண்ணாத பொருளான நாரைத் தருகிறது. கிலோவுக்குக் கொஞ்சம்தான் எடுத்தாலும் கிலோக்கள் நிறைய. அதிலும் அது முதலிடத்தில் இல்லை. பல்கேரியாவில் நார்ப்பயிர்களை ஒப்பிட்டபோது உலோகத்தை அதிகம் எடுத்தது ஆளி (ஃபிளாக்ஸ்), அடுத்தது ஹெம்ப், கடைசியில் பருத்தி.

செர்னோபிலை ஹெம்ப் சுத்தம் செய்ததாகச் சொல்கிறார்களே?

இந்தக் கதையில் பாதி உண்மை. 1986 ஏப்ரல் 26 அன்று உக்ரைனின் செர்னோபில் அணு உலை வெடித்தது. 1998இல் ஃபைட்டோடெக் என்ற அமெரிக்க நிறுவனம், உக்ரைனின் நார்ப்பயிர் ஆய்வு நிறுவனம் முதலியோரோடு சேர்ந்து அந்தப் பகுதியில் ஹெம்ப்பை நட்டுச் சோதித்தது. அது நடந்த நிகழ்ச்சி. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு சூரியகாந்தியைக் குளத்து நீரில் மிதக்கவிட்டு இதே போன்ற சோதனை செய்திருந்தார்கள்.

அங்கே குறி வைத்தது சீசியம் 137, ஸ்ட்ரான்சியம் 90 ஆகிய கதிரியக்கப் பொருள்களை. சீசியம் பொட்டாசியத்தின் வழியாகவும், ஸ்ட்ரான்சியம் கால்சியத்தின் வழியாகவும் செடிக்குள் ஏறும். இரண்டின் அரை ஆயுளும் ஏறத்தாழ 30 ஆண்டுகள். காலமே அவற்றைப் பாதியாகக் குறைத்துவிடும். ஈயத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. விலக்கப்பட்ட பகுதி இன்றும் விலக்கப்பட்டே இருக்கிறது. செர்னோபில் சோதனையை ‘செர்னோபிலைச் சுத்தம் செய்த செடி’ என்று விளம்பரமாக்குவது, நஞ்சேறிய நிலத்தில் வாழும் மக்களுக்குப் பொய் நம்பிக்கை கொடுப்பதாகும்.

ஒரு நிலம் சுத்தமாக எத்தனை ஆண்டுகள் ஆகும்? கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

முடியும். இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் தாமே ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஒரு ஹெக்டேர் நிலம். உழும் ஆழம் 20 சென்டிமீட்டர். மண்ணின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம். அந்த மேல்மண்ணின் எடை 26 லட்சம் கிலோ. அதில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் காட்மியம் இருந்தால் மொத்தம் 13 கிலோ. அதைக் கிலோவுக்கு 1 மில்லிகிராமாகக் குறைக்க வேண்டுமானால் 10.4 கிலோ காட்மியம் வெளியேற வேண்டும்.

ஒரு போகத்தில் 10 டன் உலர்ந்த ஹெம்ப் அறுக்கிறோம், அதில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் காட்மியம் இருக்கிறது என்று கொள்வோம். வெளியேறுவது 20 கிராம். 10.4 கிலோவை 20 கிராமால் வகுத்தால் 520 அறுவடைகள்.

இது மோசமான எடுத்துக்காட்டு என்று நினைத்தால், 2002ஆம் ஆண்டு ஜெர்மன் ஆய்வு சொன்ன எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு ஹெக்டேரில் ஒரு வளர்பருவத்துக்கு 126 கிராம் காட்மியம். அப்போதும் 83 அறுவடைகள். மண்ணில் உலோகம் குறையக் குறைய வேர் எடுப்பதும் குறையும் என்பதை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஆகவே நஞ்சு லேசாக இருக்கும் பெரிய நிலத்தில், நாருக்காக ஹெம்ப் போட்டு அரிப்பையும் தூசையும் தடுத்து, வருமானமும் பார்ப்பது பொருளுள்ள திட்டம். நஞ்சு கடுமையாக இருக்கும் இடத்தில் மண்ணை அகற்றுவதற்கோ மூடி அடைப்பதற்கோ இது மாற்றாகாது.

உறிஞ்சிய செடியை அறுத்த பிறகு என்ன செய்வது?

நிலத்திலேயே மடக்கி உழுதால் எல்லாம் பழையபடி. மக்க வைத்தால் உரக்குழி நஞ்சாகும். திறந்த வெளியில் எரித்தால் இன்னும் மோசம்: காட்மியத்தின் கொதிநிலை 767 டிகிரி செல்சியஸ், ஆர்செனிக் அதற்கும் கீழேயே ஆவியாகும். வடிகட்டி பொருத்திய உலையில் எரித்து, சாம்பலை ஆபத்தான கழிவாகக் கையாள வேண்டும். தண்டின் நாரைக் கட்டுமானப் பொருளாகவோ தொழில் நூலாகவோ மாற்றுவது இன்னொரு வழி. இதற்குப் பணம் ஒதுக்காத சுத்திகரிப்புத் திட்டத்தைத் திட்டம் என்றே நான் எண்ணுவதில்லை.

நல்ல விளைநிலத்தில் உலோகம் எங்கிருந்து வரும்?

நிலத்தின் பழைய கதையிலிருந்து வரும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஆப்பிள் தோட்டங்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள் தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, புழுவைக் கொல்ல ஈய ஆர்செனேட் தெளித்தார்கள். பெயரிலேயே இரண்டு நஞ்சு. மரங்கள் போய்விட்டன, மேல்மண்ணில் ஈயமும் ஆர்செனிக்கும் அப்படியே இருக்கின்றன. அதே மாநிலத்தில் ஒகனோகன் ஆற்றங்கரையில் பழைய பழத்தோட்ட நிலங்களில் வளர்ந்த கஞ்சாவில், டிடிடி என்ற பூச்சிமருந்து சிதைந்து உண்டாகும் டிடிஇ என்ற பொருள் இருந்ததால் 2023இல் அதிகாரிகள் விற்பனையை நிறுத்தினார்கள். அது உலோகம் அல்ல. ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தடை செய்த மருந்தே இப்படித் திரும்பி வருமானால், சிதையவே சிதையாத ஈயத்தைப் பற்றி எவ்வளவு விழிப்பு வேண்டும்!

அடுத்தது பாஸ்பேட் உரம். பாஸ்பேட் பாறையிலேயே காட்மியம் இருக்கிறது. பாறை எங்கே வெட்டப்பட்டது என்பதைப் பொறுத்து அளவு மாறும். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு (உரத்திலுள்ள மணிச்சத்தைக் கணக்கிடும் வடிவம்) 60 மில்லிகிராம் காட்மியம் என்ற உச்சவரம்பை 2022 ஜூலை முதல் நடைமுறைப்படுத்துகிறது. நகரக் கழிவுநீர்ச் சேறு, சுரங்கக் கழிவு, உருக்காலைப் புகை, பழைய பெயின்ட் உதிர்ந்த வீட்டுக் கொல்லை ஆகியவையும் பட்டியலில் உண்டு.

கஞ்சாவால் ஈய நச்சு வந்த நிகழ்வுகள் உண்டா?

உண்டு, ஆனால் மண்ணால் அல்ல. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வயிற்றுவலி, குமட்டல், ரத்தசோகை, களைப்பு என்று வந்த 29 நோயாளிகளுக்கு ஈய நச்சு இருப்பதை மருத்துவர்கள் கண்டறிந்து 2008இல் வெளியிட்டார்கள். எடையைக் கூட்டி லாபம் பார்க்க யாரோ கஞ்சாவில் ஈயத் துகளைக் கலந்திருந்தார்கள். மண்வழி ஈயம் இவ்வளவு வேகமாக ஆளைச் சாய்ப்பது அரிது. அது மெதுவாக, ஆண்டுக்கணக்கில் சேரும்.

அமெரிக்காவில் 7,254 பேரின் 2005 முதல் 2018 வரையிலான சுகாதாரத் தரவுகளை அலசிய கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு 2023இல் வெளியானது. கஞ்சா மட்டும் பயன்படுத்தியவர்களின் ரத்தத்தில், எதையும் பயன்படுத்தாதவர்களைவிட ஈயம் 27 சதவீதமும் காட்மியம் 22 சதவீதமும் கூடுதலாக இருந்தன. மண்தான் காரணம் என்று அந்த ஆய்வால் நிறுவ முடியாது. புகைக்கும் கருவிகளிலிருந்தும் உலோகம் வரும். மின்சாரத்தில் சூடாகும் எண்ணெய்க் குப்பிகளில், கம்பிச்சுருளிலிருந்து நிக்கலும் குரோமியமும், பற்றவைத்த இடங்களிலிருந்து ஈயமும் எண்ணெயில் கலக்கக்கூடும். இருந்தாலும் இந்த எண்களை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

உண்பதைவிடப் புகைப்பது ஏன் கூடுதல் ஆபத்து?

காட்மியத்தைப் பொறுத்தவரை, விழுங்கியதில் சுமார் 5 சதவீதம்தான் குடல் வழியாக உடலில் சேரும். நுரையீரலுக்குள் போனதில் 10 முதல் 50 சதவீதம் வரை சேரும். சேர்ந்தது சிறுநீரகத்தில் குடியேறி, பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். சோற்றின் வழியே வந்த காட்மியம் ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் எலும்புகளை நொறுக்கிய ‘இத்தாய் இத்தாய்’ நோயை அந்நாட்டு அரசு 1968இல் அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது. விழுங்கியதே அவ்வளவு செய்திருக்கிறது.

இதனால்தான் கலிபோர்னியா, இழுக்கும் பொருளுக்குத் தனி வரம்பு வைத்திருக்கிறது: கிராமுக்குக் காட்மியம் 0.2, ஆர்செனிக் 0.2, ஈயம் 0.5, பாதரசம் 0.1 மைக்ரோகிராம். ஒரே ஒரு சிகரெட்டின் புகையிலையில் பொதுவாக 1 முதல் 2 மைக்ரோகிராம் காட்மியம் இருக்கும். அதாவது கடையில் தாராளமாக விற்கும் சிகரெட் இந்தச் சோதனையில் தேறாது. கஞ்சா பாதுகாப்பானது என்பதற்கு இதைச் சான்றாக்க வேண்டாம். புகையிலையை நாம் எவ்வளவு கவனிக்காமல் விட்டிருக்கிறோம் என்பதைத்தான் இது காட்டுகிறது.

இந்தியாவில் நிலைமை என்ன?

1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் கஞ்சா பயிரிடுவது குற்றம். உத்தராகண்ட் 2018இல் ஹெம்ப் சாகுபடிக்கு உரிமம் வழங்கத் தொடங்கியது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக அனுமதித்தது.

உலோக அயனிகள் எண்ணெயில் எளிதில் கரைவதில்லை. செக்கில் ஆட்டும்போது அவை பெரும்பாலும் புண்ணாக்கிலேயே தங்கும். அந்தப் புண்ணாக்கை அரைத்ததுதான் புரத மாவு. ஆகவே எண்ணெயைவிட மாவுக்குத்தான் முதலில் பரிசோதனை அறிக்கை கேட்க வேண்டும்.

ஆயுர்வேத மருந்துகளுக்கான வரம்பு ஈயம் 10 பிபிஎம் (அதாவது கிராமுக்கு 10 மைக்ரோகிராம்), ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. ஈயத்துக்கான வரம்பு கலிபோர்னியாவுடையதைப் போல இருபது மடங்கு. மருந்து சிறு அளவில் உட்கொள்ளப்படுவது என்ற விளக்கம் உண்டு. மாதக்கணக்கில் தினமும் எடுத்துக்கொள்பவருக்கு அந்த விளக்கம் போதாது என்பது என் கருத்து.

உரிமம் பெற்றுப் பயிரிடும் விவசாயி என்ன செய்யலாம்?

விதைக்கும் முன் நிலத்தின் வரலாற்றைக் கேட்கட்டும். ஊர்ப் பெரியவர்களிடம் அரை மணி நேரம் பேசினால், முன்பு அங்கே தோட்டமா, பட்டறையா, குப்பைமேடா என்று தெரிந்துவிடும். பிறகு மண் பரிசோதனை. மொத்த உலோகத்தை மட்டும் பார்த்தால் போதாது. செடிக்கு எட்டக்கூடிய பங்கையும் பி.எச். மதிப்பையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மண் புளிப்பாக இருந்தால் காட்மியம் அவிழ்ந்து நீரில் இறங்கும். சுண்ணாம்பு இட்டு பி.எச்.சை 6.5க்கும் 7க்கும் இடையில் கொண்டுவந்தால் பெரும்பகுதி அடங்கும். நன்கு மக்கிய தொழுவுரம் உலோகத்தைப் பிடித்து வைக்கும். உப்புநீர்ப் பாசனமும் குளோரைடு வடிவப் பொட்டாஷும் காட்மியத்தை இளக்கிவிடும் என்பதால் சல்பேட் வடிவப் பொட்டாஷ் மேல். துத்தநாகக் குறை இருந்தால் சரிசெய்ய வேண்டும்.

பாஸ்பேட் விஷயத்தில் நிதானம் தேவை. அது ஈயத்தைக் கரையாத உப்பாக்கி முடக்கும். அதே பாஸ்பேட் மண்துகளிலிருந்து ஆர்செனிக்கை விரட்டி வேருக்கு அருகே தள்ளும், மட்டமான உரமாக இருந்தால் புதிதாகக் காட்மியத்தையும் கொண்டுவரும். ஈயமும் ஆர்செனிக்கும் சேர்ந்திருக்கும் பழைய பழத்தோட்ட மண்ணில் இதனால்தான் எளிய வைத்தியம் இல்லை. அங்கே நாருக்காக மட்டும் விதையுங்கள். பூவும் விதையும் வேண்டுமென்றால் சோதித்த மண் நிரப்பிய தொட்டிகளுக்கு மாறுங்கள்.

பரிசோதனை அறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் தொகுப்பு எண். கையில் இருக்கும் பொட்டலத்தின் எண்ணும் அறிக்கையின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். போன ஆண்டு அறுவடையின் அறிக்கை இந்த ஆண்டுப் பூவைப் பற்றி எதுவும் சொல்லாது. அடுத்து, நான்கு உலோகங்களுக்கும் தனித்தனி எண் இருக்கிறதா என்று பாருங்கள். ‘தேறியது’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்கும் தாளைத் திருப்பிக் கொடுங்கள். ‘கண்டறியப்படவில்லை’ என்று இருந்தால், எந்த அளவுக்குக் கீழே கண்டறிய முடியாது என்ற எல்லையும் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த எல்லை 1 பிபிஎம் என்றால், 0.9 பிபிஎம் காட்மியம் உள்ள பூவும் ‘கண்டறியப்படவில்லை’ என்றே அந்தத் தாளில் அச்சாகும்.